ஆளில்லாத ஊருக்கு ஒரு நிரை

கோடு போடுவதில் அவர் கெட்டிக்காரர் என்று கந்தோரில் எல்லோரும் சொல்வார்கள். எதிர் நாற்காலியில் இருந்து பார்த்தவள் நான். அவர் கெட்டிக்காரர் கோடு அழிப்பதில்தான். அடிமட்டத்தை வைத்து ஒரு முழு அட்டவணையைக் கீறுவார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இலக்கத்தை எழுதுவார். ஒன்றுக்கு நேரே ஒன்று, பத்துக்கு நேரே பத்து நிற்கும். எல்லாம் முடிந்தது, இனிச் சுவரில் ஒட்டலாம் என்று நான் பசைப் பேணியைத் திறக்கும்போது, அழிறப்பரை எடுத்து அத்தனை கோட்டையும் அழிக்கத் தொடங்குவார். கடைசியில் மூன்று கோடுதான் மிஞ்சும். தலைப்புக்கு மேலே ஒன்று, தலைப்புக்குக் கீழே ஒன்று, மொத்தத்துக்கு மேலே ஒன்று.

“பிறகேன் அக்கா கீறினனீங்கள்?” என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“கீறாட்டி இலக்கம் கோணும். அழிக்காட்டி இலக்கம் தெரியாது.”

“எனக்கு விளங்கேல்லை.”

“வலை வேறை, மீன் வேறை. பாக்க வாற மனிசன் மீனுக்குத்தான் வாறார். வலையை ஏன் அவற்ரை தலையிலை போடுறாய்?”

அப்போதும் விளங்கவில்லை. அவரிடத்தில் எனக்கு விளங்காமல் போனவை எத்தனையோ. இது அவற்றில் சின்னது.

அது ஒரு சுகாதாரக் கந்தோர். உரும்பிராய்ச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில், ஆட்கள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடந்த வீடொன்றில் நடந்தது. தொண்ணூற்றொன்றில் நான் அங்கே தற்காலிக எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். உயர்தரத்தில் கணிதம் சித்தியடைந்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் மூன்றாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. அப்பா சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர். முதல் நாள் காலையில் என் சைக்கிளை ஈரத்துணியால் துடைத்துத் தந்துவிட்டு, ஒழுங்கை முகப்பு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். எதிரில் வந்தவர்கள் கேட்காமலே, “மகள் கந்தோருக்குப் போறாள்” என்று சொன்னார். அதனால் நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது என் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

உள்ளே இரண்டு பேருக்கு ஒரு மேசை. அதன் மறுபக்கத்தில் அவர். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். எங்கள் பக்கத்தில் படம் வரைவதைக் கீறுவது என்றுதான் சொல்வோம். அதனால் எல்லோருக்கும் அவர் கீறலக்கா. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால், எங்கேயாவது இருந்து இதை வாசித்து, தேவையில்லாத சொல் என்று அதையும் அழித்துவிடுவாரோ என்று ஒரு பயம். விட்டுவிடுகிறேன்.

அவர் மயிலிட்டி. வடக்குக் கடற்கரை. தொண்ணூறில் சண்டையால் அந்தக் கரைச் சனம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பி வந்தபோது வந்தவர்களில் ஒருவர். ஊரில் என்ன வேலை செய்தார் என்பதில் கந்தோருக்குள் இரண்டு கட்சி இருந்தது. வள்ளங்கள் வந்து இறங்கும் இடத்தில், எந்த வள்ளத்தில் என்ன மீன் என்று பெரிய கரும்பலகையில் எழுதுவார் என்று ஒரு கட்சி. தையல் வகுப்பு நடத்தினார் என்று மற்றக் கட்சி. ஒருநாள் நேரே கேட்டேன். “ரெண்டும் இல்லை” என்றார். ஒரு மாதம் கழித்து மறந்துபோய்த் திரும்பவும் கேட்டேன். “ரெண்டும்தான்” என்றார்.

அவருக்கு வேறு எதிலும் பிடிவாதம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சோறு ஆறினாலும் சாப்பிடுவார், தேத்தண்ணியில் சீனி இல்லாவிட்டாலும் குடிப்பார். ஆனால் ஒரு தாளைப் பார்ப்பவருக்கு அது உடனே விளங்கவில்லையென்றால் அவரால் இருக்க முடியாது. தாய்மார் கிளினிக் எந்தெந்த நாளில் என்று வாசலில் ஒரு அறிவித்தல் தொங்கியது. திகதி வாரியாக எழுதியிருந்தது. ஒவ்வொரு கிழமையும் யாராவது ஒரு கர்ப்பிணி பிழையான நாளில் நடந்து வந்துவிட்டுத் திரும்பிப் போவாள். அக்கா அதைக் கழற்றி, ஊர் வாரியாக மாற்றி எழுதினார். “தாய்மார் திகதியைத் தேடி வாறேல்லை. தங்கடை ஊரைத் தேடித்தான் வருவினம்” என்றார். அதன் பிறகு பிழையான நாளில் யாரும் வரவில்லை. மருத்துவிச்சி அம்மா அதற்காக அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் சேர்ந்த இரண்டாம் கிழமை, எந்த ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி போட்டாயிற்று என்று ஒரு படம் வேண்டுமென்று டொக்டர் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். வட்ட வரைபு. பாகைமானி வைத்துப் பாகை பாகையாகப் பிரித்தேன். அரசாங்கம் போட்ட பொருள் தடையால் கலர்ப் பென்சில் கிடைக்காத காலம். உடுப்புக்குப் போடும் நீலம், மஞ்சள் தூள், குங்குமம், செவ்வரத்தம்பூச் சாறு என்று வீட்டிலேயே நிறம் கூட்டினேன். எட்டு ஊருக்கு எட்டு நிறம். அப்பா பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்கா அதை வாங்கிப் பார்த்தார். வெளியே நின்ற காவலாளி அண்ணையைக் கூப்பிட்டார். இது அவருடைய வழக்கம். எந்த அட்டவணையும் சுவருக்குப் போக முன்னர், காவலாளி அண்ணை தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்து அவர் முன்னால் விரிக்கப்படும். ஒரு மிடறு உள்ளே இறங்குவதற்குள் அவர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும்.

“அண்ணை, உதிலை என்ன தெரியுது?”

அவர் ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார். “நல்ல வடிவாக் கிடக்கு. கலியாண வீட்டுக்குப் போடுற கோலமோ?”

“எந்த ஊருக்கு ஊசி போதாது எண்டு தெரியுதோ?”

“அதை உதுக்குள்ளை ஏன் பிள்ளை தேடுறாய்? மருத்துவிச்சி அம்மாவைக் கேட்டாச் சொல்லுவாவே.”

அக்கா ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எட்டுச் சலாகைகளைப் பட்டை பட்டையாகக் கிடையில் கீறினார். இடது பக்கத்தில் ஊர்ப்பெயர்கள். நீளமானது மேலே, கட்டையானது அடியில். ஒரே பென்சில், ஒரே நிறம். காவலாளி அண்ணை கோப்பையை வாயில் வைத்தபடியே, “அடியிலை கிடக்கிற ஊருக்கு ஒருத்தரும் போகேல்லைப் போலை” என்றார்.

எனக்கு முகம் கொதித்தது. “காவலாளி அண்ணைக்கு விளங்கினாப் போதுமோ? டொக்டருக்கெல்லோ கீறினது?”

“டொக்டருக்கும் ரெண்டு கண்தான் பிள்ளை. அவருக்கு நேரமும் இல்லை.”

என் படத்தை அவர் கிழித்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். கவனமாகச் சுருட்டி, நூல் கட்டி, “வீட்டிலை மாட்டு” என்று தந்தார். கேலிக்குச் சொன்னாரா, மெய்யாகத்தான் சொன்னாரா என்று தெரியாமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா மாட்டினார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு பொருந்தாத காரியம் இருந்தது. அட்டவணையில் குறுக்காக ஓடுவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல் என்று படித்திருப்போம். அவருடைய அட்டவணைகளில் ஊருக்கு ஒரு நிரை. எல்லா அட்டவணையிலும் முதலாவது நிரை மயிலிட்டி. தொண்ணூறுக்குப் பிறகு அங்கே ஒரு குடும்பமும் இல்லை. போகவும் முடியாது. ஆனாலும் காய்ச்சல் அட்டவணையானாலும் ஊசி அட்டவணையானாலும் மயிலிட்டி என்று எழுதி, அதற்கு நேரே எல்லா நிரலிலும் சின்னச் சின்னக் கோடாகப் போட்டு வைப்பார். தேவையில்லாத ஒரு புள்ளியைக்கூடத் தாளில் விடாதவர். பெரியது மேலே, சிறியது கீழே என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்.

“ஆளில்லாத ஊருக்கு ஏன் அக்கா ஒரு நிரை?” என்று கேட்டேன். “அதையும் அழிச்சா இடம் மிஞ்சுமே.”

“அங்கை ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையெண்டு ஆர் போய் எண்ணினது?”

“அப்ப சைபர் போடுங்கோவன்.”

“சைபர் எண்டா, எண்ணிப் பாத்தம், ஒண்டும் இல்லை. கோடு எண்டா, ஒருத்தரும் எண்ணேல்லை. ரெண்டையும் ஒண்டாக்காதை. ஆள் சாகும்.”

பென்சில் கூர் மழுங்கினாலும் அவருக்கு ஆள் சாகும். அது வாய்ப்பழக்கம். ஆனால் அவர் சொன்ன நியாயத்தில் பிழை கண்டுபிடிக்க எனக்கு முடியவில்லை. பிழை இருக்கிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. கணிதம் படித்தவளுக்கு அது பெரிய அவதி.

அந்த வருடம் மாரி பலமாகப் பெய்தது. கிணறுகள் வாய் வரைக்கும் நிரம்பின. மலகூடக் குழிகளும் நிரம்பின. கார்த்திகையில் வயிற்றோட்டம் தொடங்கியது. அதே நேரம் மருத்துவிச்சி அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். கிளினிக்கில் பதிவுப் புத்தகம் எழுதுவது அவர்தான். அவருக்குப் பதிலாக அக்கா போனார். இடம்பெயர்ந்தவர்களுக்கான கிளினிக் ஒரு மடத்தில் நடந்தது. அயலில் இருந்த ஐந்து முகாம்களிலிருந்தும் ஆட்கள் அங்கேதான் வருவார்கள். ஒருநாள் மருந்துப் பெட்டியோடு நானும் கூடப் போனேன்.

“விலாசம்?” என்று அக்கா கேட்டார்.

“மயிலிட்டி.”

எழுதினார். அடுத்த ஆள். “மயிலிட்டி.” அதையும் எழுதினார்.

நான் குனிந்து மெல்லச் சொன்னேன். “அக்கா, உவையள் இப்ப இருக்கிறது இஞ்சை முகாமிலையெல்லோ?”

வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. “ஆர் தங்கச்சி இருக்கிறது? நாங்கள் இஞ்சை சும்மா நிக்கிறம். விருந்துக்கு வந்தனாங்கள்.”

“சமையல்தான் சரியில்லை” என்றாள் அவளுக்குப் பின்னால் நின்றவள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. வயிறு கொதித்துக்கொண்டு நின்றவர்களும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்தபடியே அந்தப் பெண்ணுக்கு நேரேயும் மயிலிட்டி என்று எழுதினார். குழந்தைக்கு நேரேயும் எழுதினார். “சனம் சொல்லுறதைத்தான் எழுதோணும். நாங்கள் நினைக்கிறதை இல்லை” என்று பிறகு என்னிடம் சொன்னார். மருத்துவிச்சி அம்மா ஒருபோதும் கேட்டதில்லை. ஆளைப் பார்த்ததும் முகாமின் பெயரைத் தானே எழுதிவிடுவார். அக்கா செய்ததுதான் முறை என்று எனக்கும் பட்டது.

இதில் அந்தச் சனத்தை நான் குறை சொல்ல முடியாது. தொண்ணூற்றைந்தில் நாங்களும் ஊரோடு எழும்பித் தென்மராட்சிக்கு வந்தோம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று குடும்பங்களோடு இருந்தோம். கையில் தாளோடு வந்த ஒருவர் விலாசம் கேட்டார். அட்டவணை போட்டுச் சம்பளம் வாங்கியவள் நான், சண்டிலிப்பாய் என்றேன். அப்பா அதோடு நிற்காமல், பிள்ளையார் கோயிலடியால் திரும்பினால் மூன்றாவது படலை என்று வழியும் சொன்னார். அந்த மனிதர் எழுதிக்கொண்டு போனார்.

ஆனால் தொண்ணூற்றொன்றில் இது எனக்குத் தெரியாது.

கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் தடையால் வருவதில்லை. கந்தோர்ப் பீப்பாவில் அடிப்பாகம் மட்டும் இருந்தது. ஒரு ஊர்க் கிணறுகளுக்குத்தான் போதும். அது எந்த ஊருக்கு என்பதை அக்கா கீறும் திங்கட்கிழமைப் படம்தான் தீர்மானிக்கும். டொக்டர் அதைப் பார்ப்பார், எல்லாவற்றுக்கும் மேலே நீளமாக நிற்கும் சலாகை எந்த ஊரோ அங்கே தூள் போகும். வேறு கணக்குப் பார்க்க அவருக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை அக்கா கீறியதில் மேலே நின்றது மயிலிட்டி. கோடுகள் போய், முதன்முதலாக அதற்கு ஒரு சலாகை வந்திருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட நீளம்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். “ஆளில்லாத ஊரிலை ஆருக்குப் பிள்ளை வயித்தோட்டம்? பேய்க்கோ?”

“மயிலிட்டிச் சனத்துக்கு, ஐயா.”

“அந்தச் சனம் இப்ப எங்கை?”

“அஞ்சு முகாமிலை.”

“எந்த முகாமிலை எத்தினை பேர்? நான் எந்தக் கிணத்துக்குத் தூள் போடுறது? மயிலிட்டிக் கிணத்துக்கோ?”

அக்கா பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். முகாம் பெயர் ஒன்றும் இல்லை. அதில் அவருடைய கையெழுத்தில் பக்கம் பக்கமாக மயிலிட்டி என்றுதான் இருந்தது. அவர் ஒரு கேள்விக்குப் பேசாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் பிடித்திருந்தது என்று பிறகு பலதடவை யோசித்திருக்கிறேன்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “நீர் கணிதம் எல்லோ? உதைத் துப்பரவாக் கீறித் தாரும். பத்து மணிக்குத் தூள் எடுக்க ஆக்கள் வருவினம்.”

துப்பரவாகக் கீறினேன். மயிலிட்டி நிரையை எடுத்தேன். அதை எடுத்ததால் மொத்தம் பிழையானது. அதனால் மொத்தத்தையும் கூட்டித் திருத்தினேன். மிச்ச ஊர்களைப் பெரியது மேலே சிறியது கீழே என்று அடுக்கினேன். தேவையில்லாத கோடு எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது மேலே நின்றது சண்டிலிப்பாய். காவலாளி அண்ணையிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கோப்பையைத் தூக்கக்கூட இல்லை. “சண்டிலிப்பாய்” என்றார். “உன்ரை ஊரெல்லோ பிள்ளை?”

நான் ஒரு இலக்கத்தையும் மாற்றவில்லை. சண்டிலிப்பாயில் அத்தனை பேருக்கும் உண்மையாகவே வயிற்றோட்டம்தான். அன்று மத்தியானமே தூள் எங்கள் ஊருக்குப் போயிற்று. கிணற்றடியில் நின்றவர்களுக்கெல்லாம் அப்பா, “மகள் கீறின படத்துக்குத்தான் மருந்து வந்தது” என்று சொன்னார். நான் கீறியவற்றில் அதைவிடச் சுத்தமான படம் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைக்கும்போது என்ன செய்வதென்றும் தெரிவதில்லை.

அக்கா விரல் வைத்து அதைக் கீழ்வரைக்கும் கூட்டிப் பார்த்தார். “மொத்தத்தையும் மாத்திப்போட்டியே?”

“ஓம். இல்லாட்டிக் கூட்டிப் பாக்கேக்கை பிழைக்குமெல்லோ.”

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன் மத்தியானம் நனைந்து விறைத்து வந்தார். தாள் ஒரு பிளாத்திக் பைக்குள் இருந்தது. பதிவுப் புத்தகத்தில் தான் எழுதிய பெயர்களை ஒரு கொப்பியில் பிரதி எடுத்துக்கொண்டு ஐந்து முகாமுக்கும் போயிருக்கிறார். இந்தத் தடவை விலாசம் கேட்கவில்லை. “எந்தக் கிணத்திலை அள்ளுறியள்?” என்றுதான் கேட்டிருக்கிறார்.

மேசையில் விரித்தார். நிரைகளில் சொந்த ஊர்கள். நிரல்களில் கிணறுகள். ஆளுக்கு ஒரு பென்சில் கோடு. கட்டங்கள் எதுவும் இல்லை. கீறி அழித்த தடமும் இல்லை. முதலிலிருந்தே வெறும் தாளில் போட்டிருந்தார். நாலு நிரலில் அங்கொன்று இங்கொன்று. ஒரு நிரலில் மட்டும் எறும்பு மொய்த்ததுபோலக் கறுப்பாகக் கிடந்தது. வடலியடி. தோட்டவெளி ஓரத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்கள் போட்டிருந்த முகாம். அந்த முகாமுக்கு இருந்தது ஒரேயொரு தோட்டக் கிணறு.

டொக்டர் எழும்பிவிட்டார். “வடலியடி. தூள் எங்கை?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மழைக்குள் சண்டிலிப்பாய்க்குச் சைக்கிள் ஓடினேன். சனசமூக நிலையத்தில் அரைவாளி மிச்சம் இருந்தது. பொறுப்பாக நின்றவர் தர மாட்டேன் என்றார். “தந்ததை ஏன் பிள்ளை பறிக்க வாறாய்? நீ இந்த ஊர்ப் பெட்டையெல்லோ? கொப்பர் என்ன சொல்லுவார்?” அப்பா என்ன சொல்வார் என்று எனக்கே தெரியவில்லை. வாளியைத் தூக்கிக் கரியரில் கட்டினேன். பொழுதுபடுமுன் வடலியடிக் கிணற்றில் தூள் கரைத்து ஊற்றினார்கள். அடுத்த கிழமை அந்த நிரலில் கோடுகள் குறைந்தன.

ஆனால் அந்தப் புதன்கிழமை விடிய, அக்கா கந்தோருக்கு வருவதற்கு முன்னரே, வடலியடியில் ஒரு குழந்தை இறந்துபோயிருந்தது. மடத்தில் விருந்துக்கு வந்தோம் என்று சொன்ன பெண்ணின் குழந்தை. எட்டு மாதம். இடம்பெயர்ந்து வந்த பிறகு, அந்தக் கொட்டிலில் பிறந்தது.

வியாழக்கிழமை இரண்டு பேரும் போனோம். மரணம் நடந்தால் யாழ்ப்பாணத்துப் பெரிய கந்தோருக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் பெயர், வயது, நோய் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெட்டி. இடம் என்று ஒரு பெட்டி. ஒன்றுதான்.

அந்தப் பெண் கொட்டில் வாசலில் இருந்தாள். அழவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். இடம் என்று கேட்டேன்.

“மயிலிட்டி எண்டு போடு தங்கச்சி.”

நான் பேனையைப் பெட்டிக்கு மேலே வைத்தேன். “வேண்டாம்” என்றார் அக்கா. “வடலியடி எண்டு போடு.”

எனக்கு நம்ப முடியவில்லை. “சனம் சொல்லுறதைத்தான் எழுதோணும் எண்டு நீங்கள்தானே அக்கா...”

“கிணறு எங்கை கிடக்கோ அதைப் போடு.”

அந்தப் பெண் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். “பிள்ளை மயிலிட்டியைக் கண்டதில்லைத்தான். அதுக்காக? வடலியடி ஆற்ரை ஊர்? உதிலை அவளுக்கு ஆர் இருக்கினம்?” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீயும் மயிலிட்டிதானே” என்றாள்.

“ஓம்” என்றார் அக்கா. “அதாலைதான் சொல்லுறன்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கிடுகு ஓரத்தால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாள் நனையாமல் குனிந்து, அந்த ஒரு பெட்டிக்குள் இரண்டு பெயரையும் நெருக்கி எழுதினேன். மயிலிட்டி, வடலியடி. அக்கா பார்த்தார். தாளை வாங்கிப் பிளாத்திக் பைக்குள் வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை அட்டவணையில் மயிலிட்டி இல்லை. மேலே வடலியடிக் கிணறு, அதன் கீழே மற்றக் கிணறுகள், அதன் கீழே ஊர்கள்.

“அக்கா, ஒரு நிரை விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகேல்லை.”

தனக்குத் தானே கொடுத்த தண்டனையா, அல்லது அதுதான் சரியென்று கண்டுகொண்டாரா, அல்லது நான் எடுத்ததை இனி ஏன் திருப்பி வைப்பான் என்று விட்டாரா? நான் அந்த நிரையை எடுத்ததற்காக அவர் என்னை ஒரு சொல் ஏசியதில்லை. அவர் அப்படி எழுதியதற்காக நானும் ஒரு சொல் சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சோறு சாப்பிட்டோம்.

தையில் அவர் வேலைக்கு வரவில்லை. வன்னிக்குப் போய்விட்டார் என்று சிலர் சொன்னார்கள். வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனார் என்று வேறு சிலர். காவலாளி அண்ணைக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். எங்கே என்று கேட்டால் அவர், “சொன்னவ. எனக்குத்தான் விளங்கேல்லை” என்றார்.

மாசியில் அந்தப் படிவம் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வந்தது. இடம் என்ற பெட்டியைச் சிவப்பு மையால் வளைத்து, ‘ஒரு இடத்தை மட்டும் குறிப்பிடவும்’ என்று எழுதியிருந்தார்கள். புதிய படிவம் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தேன். மயிலிட்டி என்று எழுதினால், ஆளில்லாத ஊரில் யாருக்கு வயிற்றோட்டம் என்று அங்கேயும் ஒருவர் கேட்பார். அங்கேயும் என்னைப்போல ஒருத்தி அதைத் துப்பரவாக எடுத்துவிடுவாள். வடலியடி என்று எழுதினால், அது அந்தத் தாய் வேண்டாம் என்று சொன்ன பெயர். பெயர், வயது, நோய் எல்லாவற்றையும் நிரப்பினேன். நாளைக்கு எழுதலாம் என்று மேசை லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த நாளும் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன். நாங்கள் தென்மராட்சிக்கு வந்தபோது அது அந்த லாச்சியிலேயேதான் இருந்தது.

தொண்ணூற்றொன்றுக்கான வருட அறிக்கையின் அட்டவணையை நான்தான் கீறினேன். நிரைகளைக் கூட்டினேன், நிரல்களைக் கூட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே மொத்தம் வந்தது. டொக்டர் மெச்சினார். அந்த மொத்தத்தில், லாச்சிக்குள் கிடந்த ஒன்று குறைகிறது என்பது எனக்குத் தெரியும். எந்த நிரையில் குறைகிறது என்றுதான் இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.